அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வருகிறது, கவுன்சில் டாக்ஸ் குறையுமா?

முன்னறை
2025 செப்டம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். லண்டனின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, பல்கலைக்கழகம் போகும் மகன், என் அம்மா. அம்மாவுக்கு 78 வயது. 2021 கடைசியில் ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் போய்விட்டது. அடுத்த வருடம் மறதியும் சேர்ந்தது. ஸ்ட்ரோக்கால் வந்த டிமென்ஷியா என்று எழுதித் தந்தார்கள். 2022 நடுப்பகுதியிலிருந்து அட்டென்டன்ஸ் அலவன்ஸ், அதாவது கவனிப்புத் தேவைப்படுகிற பென்ஷன் வயதுக்காரருக்கு அரசு தருகிற பணம், வருகிறது. கூடிய தொகை, 2025-26இல் கிழமைக்கு 110 பவுண்டு 40 பென்ஸ்.

கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரிக்கு வீடுகளை மதிப்பின்படி ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள், எங்கள் வீடு பேண்ட் ஈ. கவுன்சில் டாக்ஸ் பில்லைப் பார்க்கவே வயிறு எரிகிறது. போன கிழமை கவுன்சிலுக்குக் கோல் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பிள்ளை வந்தா. "அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு டிஸ்கவுண்ட் ஒன்றும் இல்லை" என்றா. அவ்வளவுதான். ஆனால் மரக்கறிக் கடையில் சந்தித்த ஒருவர், தாய்க்கு அலவன்ஸ் வந்த பிறகு தன் பில் நன்றாகக் குறைந்தது என்கிறார். எது உண்மை? யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?


எரிச்சல்மன்னன்
2025 செப்டம்பர் 14

நானும் கேட்டேன், எனக்கும் இதே பதில்தான். கடையில் கேட்ட கதையை நம்பி மினக்கெடாதீர்கள். இந்த வரியே ஒரு கூத்து. 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று போட்ட கணக்கை வைத்துத்தான் இங்கிலாந்தில் இன்றைக்கும் பில் வருகிறது. அன்றைக்கு 320,000 பவுண்டுக்கு மேல் என்றால் எல்லாமே பேண்ட் எச். மாளிகைக்காரனும் பேண்ட் டி வீட்டைப் போல் இரண்டு மடங்குதான் கட்டுகிறான். இதில் நோயாளிக்கு இரக்கம் பார்ப்பார்களாம்.


பழைய மேசை
2025 செப்டம்பர் 15

முன்னறை தம்பி, போனில் பேசிய பிள்ளை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு என்று தனியாக ஒரு தள்ளுபடி கிடையாது. பிப், டிஎல்ஏ என்ற மற்ற ஊனமுற்றோர் உதவிப்பணம் இரண்டுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த அலவன்ஸைச் சாவியாக வைத்துத் திறக்கிற கதவுகள் இரண்டு மூன்று உண்டு. அலவன்ஸே இல்லாமல் திறக்கிற கதவும் ஒன்று உண்டு. நீங்கள் எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று சொன்னால்தான் எதிர்ப்பக்கம் ஆள் எழுந்து வருவார்.

நான் ஒரு ஆலோசனை நிலையத்தில் பல வருடம் தொண்டனாக உட்கார்ந்தவன். இதே கேள்வியோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போல ஒரு போன் கோலோடு விட்டவர்கள்தான்.

சில விஷயம் சொல்லுங்கள். அம்மா எந்த அறையில் இருக்கிறா? வீல்செயார் வீட்டுக்குள்ளே ஓடுகிறதா, இல்லை வெளியே போகும்போது மட்டுமா? அம்மாவைப் பார்ப்பது யார், கிழமைக்கு எத்தனை மணி நேரம்? மகன் முழுநேர மாணவனா?


முன்னறை
2025 செப்டம்பர் 15

நன்றி அண்ணை. எங்கள் முன்னறையில்தான் அம்மா. சோபாவைக் கொடுத்துவிட்டோம். ஹொஸ்பிட்டல் கட்டில், பக்கத்தில் கமோட், தூக்கி வைக்கிற ஹொய்ஸ்ட். சாமிப்படம் இருந்த மூலையில் இப்போது நாப்கின் பேட் பெட்டிகள் கூரை வரை நிற்கின்றன. படங்கள் குசினிக்குப் போய்விட்டன. வீட்டுக்குள் வீல்செயார்தான். முன்னறைக்கும் நடைக்கும் நடுவில் உள்ள கதவு நிலையில் சில்லு உரசி உரசிப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. இரண்டு தரம் பூசினேன், பிறகு விட்டுவிட்டேன்.

பார்ப்பது என் மனைவி. முன்பு முழுநேர வேலை, இப்போது கிழமைக்கு 16 மணி நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் அம்மாவோடுதான், இரவிலும் இரண்டு மூன்று தரம் எழும்ப வேண்டும். மகன் முழுநேர மாணவன், 20 வயது. எங்கள் வருமானத்துக்கு உதவிப்பணம் எதுவும் கிடைக்காது, அது தெரியும்.


பழைய மேசை
2025 செப்டம்பர் 15

சரி. உங்கள் வீட்டில் மூன்று கதவு இருக்கிறது தம்பி. நீளமாக எழுதப் போகிறேன், தேநீர் ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

முதல் கதவு, ஊனமுற்றோருக்கான பேண்ட் குறைப்பு. 1992இல் போட்ட விதிகள். வருமானம் பார்க்க மாட்டார்கள், சேமிப்பு பார்க்க மாட்டார்கள், எந்த அலவன்ஸும் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் வசிக்கும் ஒருவருக்கு, பெரியவரோ குழந்தையோ, பாரதூரமான நிரந்தர ஊனம் இருக்க வேண்டும். அதோடு வீட்டில் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்: அவருடைய தேவைக்காகவே பெரும்பாலும் பயன்படுகிற ஓர் அறை (குளியலறை, கழிப்பறை, குசினி அல்லாத அறை), அல்லது அவருக்குத் தேவையான இரண்டாவது குளியலறை அல்லது குசினி, அல்லது வீட்டுக்குள் வீல்செயார் ஓட்டப் போதுமான இடம். கிடைத்தால் பேண்ட் ஈ வீட்டுக்கு டி பில் வரும். வீட்டின் பேண்ட் மாறாது, பில் மட்டும்தான் ஒரு படி இறங்கும். வீட்டை விற்கும்போது விலை குறையுமோ என்று பயந்து விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் தேவையில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் கேட்கலாம், பில் அவர் பெயரில் இருந்தால் போதும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். "அம்மாவுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறோம்" என்று எழுதினால் கவுன்சில் நிராகரிக்கப் பார்க்கும். ஊனம் இல்லாவிட்டாலும் மனிதருக்கு ஒரு படுக்கையறை வேண்டும்தானே என்பார்கள். கோர்ட்டுகளும் அந்தப் பக்கமாகத்தான் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. அந்த அறை அவருடைய நலத்துக்கு இன்றியமையாதது அல்லது மிக முக்கியமானது, அதுவும் ஊனத்தின் காரணமாக, என்று காட்ட வேண்டும். ஆகவே நீங்கள் வீல்செயாரை முன்னால் வையுங்கள், ஹொய்ஸ்டையும் கமோட்டையும் அடுத்து வையுங்கள். வீட்டுக்குள் ஓடுகிற வீல்செயார் என்பதுதான் உங்கள் பலம். அந்தக் கதவு நிலையைப் பூசாதீர்கள். உரசல் தெரிய ஒரு படம் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள்.

இரண்டாம் கதவும் மூன்றாம் கதவும் தலை எண்ணுகிற கணக்கு. முழு பில் என்பது இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு. ஒருவர்தான் என்றால் 25 விழுக்காடு குறையும். சில பேரைத் தலையாகவே எண்ண மாட்டார்கள். முழுநேர மாணவன் எண்ணிக்கையில் இல்லை. டிமென்ஷியா போன்ற கடுமையான, நிரந்தரமான மூளைப் பாதிப்பு உள்ளவர் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒன்றுக்கு உரிமையும் இருந்தால் அவரும் எண்ணிக்கையில் இல்லை. அடுத்தது பராமரிப்பவர். அதே வீட்டில் இருந்து கிழமைக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவர் எண்ணிக்கையில் இல்லை. ஆனால் பார்க்கப்படுகிறவர் அவருடைய கணவனோ மனைவியோ 18 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையோ ஆக இருக்கக் கூடாது.

இப்போது உங்கள் வீட்டில் தலை எண்ணுங்கள்.


கணக்குப்புலி
2025 செப்டம்பர் 15

மகன் இல்லை, அம்மா இல்லை, மனைவி இல்லை. மிச்சம் முன்னறை அண்ணன் மட்டும்! நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒற்றை ஆள் தள்ளுபடி.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இங்கிலாந்தில் 2025-26க்குச் சராசரி பேண்ட் டி பில் 2,280 பவுண்டு. பேண்ட் ஈ என்பது டி-யில் ஒன்பதில் பதினொரு பங்கு, அதாவது 2,786 பவுண்டுச் சொச்சம். பேண்ட் குறைப்பு கிடைத்தால் 2,280. அதன்மேல் 25 விழுக்காடு போனால் 1,710. ஆண்டுக்கு 1,076 பவுண்டு மிச்சம், மாதம் தொண்ணூறு பவுண்டு. உங்கள் கவுன்சிலின் தொகை வேறாக இருக்கும், விகிதம் மாறாது.

பேண்ட் ஏ-வில் இருப்பவர்களும் விடாதீர்கள். கீழே இறங்கப் படி இல்லையே என்று நினைக்க வேண்டாம். டி-யில் ஒன்பதில் ஆறு பங்கு கட்டுவதற்குப் பதில் ஐந்து பங்கு கட்டினால் போதும் என்று அவர்களுக்கும் வைத்திருக்கிறார்கள்.


பொன்னி
2025 செப்டம்பர் 15

முன்னறை சார், உங்கள் மனைவி மாமியாரைப் பார்ப்பதால் எண்ணிக்கையில் வரமாட்டார். அதே மனைவி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணிவிடுவார்கள். மருமகள் செய்தால்தான் வேலை, பெண்டாட்டி செய்தால் கடமை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் யாரோ உட்கார்ந்து எழுதிய சட்டம் போல இருக்கிறது.


எரிச்சல்மன்னன்
2025 செப்டம்பர் 16

எல்லாம் சரி, அந்த டாக்டர் சர்டிபிகேட்டில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? 'கடும் மனக் குறைபாடு' என்று. பெற்ற தாயைப் பைத்தியம் என்று எழுதி வாங்கி வரியை மிச்சம் பிடிக்க வேண்டுமா? ஊரில் தெரிந்தால் என்ன கதைப்பார்கள்? என் தகப்பனுக்கு மறதி உண்டு. அந்தத் தாளை நான் வாங்க மாட்டேன்.


பொன்னி
2025 செப்டம்பர் 16

கோபம் புரிகிறது. சட்டத்தில் இருக்கிற சொல் 1992ஆம் ஆண்டுச் சொல், கரடுமுரடாகத்தான் இருக்கிறது. அதற்கு அர்த்தம் பைத்தியம் இல்லை. எதனால் வந்திருந்தாலும் சரி, அறிவையும் நாலு பேரோடு பழகுவதையும் கடுமையாகப் பாதித்து, நிரந்தரமாக இருக்கும் என்று தோன்றுகிற நிலை. அவ்வளவுதான். ஸ்ட்ரோக், பார்க்கின்சன்ஸ், பிறவியிலிருந்தே கற்றல் குறைபாடு எல்லாம் இதில் வரலாம். நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, பாதிப்பைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா தனியாக இருந்தார், நான் இரண்டு தெரு தள்ளி. அடுப்பை எரியவிட்டுத் தூங்குவார். சம்பளப் படிவம் என்று நினைத்து கவுன்சில் டாக்ஸ் பில்லில் கையெழுத்துப் போட்டு எனக்கே திருப்பித் தருவார், பழைய ஹெட்கிளார்க் பழக்கம். நானும் இரண்டு வருடம் அந்தச் சொல்லுக்குக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்தேன். கடைசியில் விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, அவர் மாதிரித் தனியாக இருப்பவருக்கு 25 விழுக்காடு இல்லை, மொத்த வரியும் தள்ளுபடி. அவர் இரண்டு வருடம் கட்டியது அத்தனையும் கட்ட வேண்டாத பணம். டாக்டர் எழுதிய தேதியையும் அலவன்ஸ் தொடங்கிய தேதியையும் காட்டி அந்தத் தேதியிலிருந்து கேட்டேன், திரும்பி வந்தது.

இன்னொன்று. ஜிபி (குடும்ப டாக்டர்) வரவேற்பு மேசையில் அந்தச் சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். கவுன்சில் டாக்ஸுக்கான இந்தச் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்று அவர்கள் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவத் துறையோடு போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் படிவத்தை வாங்கிக்கொண்டார்.


சேலத்துக்காரன்
2025 செப்டம்பர் 17

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரெடிங்கில் வாடகை வீடு, ஸ்கில்டு ஒர்க்கர் விசா, பேண்ட் டி. பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். பேச்சு இல்லை. சின்ன அறை ஒன்றை அவனுக்காக ஒதுக்கி, தரை சுவர் எல்லாம் மெத்தை போட்டிருக்கிறோம், ஒரு நாற்காலிகூடக் கிடையாது. சத்தம் தாங்காமல் தலையை மோதிக்கொள்ளும்போது அங்கேதான் கொண்டுபோய் விடுவோம். படுப்பது வேறு அறையில், எங்களோடு.

விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது', அதாவது பட்டியலில் உள்ள அரசு உதவிகள் கூடாது, என்று இருக்கிறது. டிஎல்ஏ கேட்க முடியாது. இந்தப் பேண்ட் குறைப்பும் கேட்டால் விசாவுக்கு ஆபத்தா? பயமாக இருக்கிறது.


பழைய மேசை
2025 செப்டம்பர் 17

தம்பி, இதில் ஒரு சொல் பொறி இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி அது, சிலர் சப்போர்ட் என்பார்கள். 2013 ஏப்ரலில் பழைய பெனிஃபிட்டை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்தார்கள். அது பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது, நீங்கள் தொடக் கூடாது. ஊனத்துக்கான பேண்ட் குறைப்புக்கும் ஆங்கிலத்தில் அதே 'ரிடக்‌ஷன்' என்ற சொல்தான். அது வேறு சட்டப்பிரிவு, அந்தப் பட்டியலில் இல்லை. தனியாள் தள்ளுபடியும் அப்படித்தான். நீங்கள் நிரப்பும் படிவம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவுன்சில் இணையதளத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகக் கிடக்கும். வருமானமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்கிற படிவமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மனம் ஆறவில்லை என்றால் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் விஷயம் பலமாகவே இருக்கிறது. அது படுக்கையறை இல்லை, அதுதான் முக்கியம். பள்ளியிலிருந்தோ ஓடி என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமிருந்தோ, அந்த அறை ஏன் தேவை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். விளையாட்டு அறை என்ற சொல் எந்த இடத்திலும் வரக் கூடாது.

இதே மாதிரி ஊரிலிருந்து பெற்றோரை ஸ்பான்சர் செய்து எடுத்தவர்களுக்கும் சொல்கிறேன். வந்த புதிதில் அவர்களுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைக்காது. அலவன்ஸ் வேண்டிய கதவுகள் பூட்டுத்தான். ஆனால் பேண்ட் குறைப்புக்கு அலவன்ஸ் தேவையில்லை என்று மேலே சொன்னேனே, அது அவர்களுக்கும் திறக்கும்.


கிழக்குவாசல்
2025 செப்டம்பர் 18

வருமானம் குறைந்தவர் கதையையும் ஒருவர் சொல்ல வேண்டுமே. ஈஸ்ட் ஹாம். அம்மா 74, வருமானம் குறைந்த பென்ஷன் வயதுக்காரருக்கான பென்ஷன் கிரெடிட் வாங்குகிறா. வீடு, பில் எல்லாம் அவ பெயரில். நான் 31, வேலைக்குப் போகிறேன், அம்மாவோடு இருக்கிறேன். அவவுக்கு வரி முழுதும் தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் நான் இருப்பதால் கிழமைக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள், மகன் கொடுப்பான்தானே என்று. அது கவுன்சிலின் தனி வேலை இல்லை, பென்ஷன் வயதுக்காரருக்கு நாடு முழுக்க ஒரே விதி.

மூட்டு முழுதாகப் போய் அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வந்தது. வந்ததும் அந்தக் கழிவு நின்றுவிட வேண்டும். அலவன்ஸ் வாங்குபவர் வீட்டில் பிள்ளைக்காகக் கழிக்கக் கூடாது. ஆனால் யாரும் தானாக நிறுத்தவில்லை. அலவன்ஸ் கடிதத்தின் நகலை நான் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பில் பூச்சியமாக வந்தது. அலவன்ஸ் தருகிற இடமும் கவுன்சிலும் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்ளும் என்று நினைத்து இருக்காதீர்கள்.

அலவன்ஸை வருமானமாகப் பார்த்து உதவியைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து அம்மா முதலில் விண்ணப்பிக்கவே மாட்டேன் என்றா. அதை வருமானமாக எண்ணுவதில்லை.


பழைய மேசை
2025 செப்டம்பர் 18

நல்லாச் சொன்னீர்கள். ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்ப்பு. பென்ஷன் வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் தன் பாட்டில் திட்டம் வகுக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கவுன்சிலில் ஒரே வருமானம், ஒரே பிப், வேறு வேறு பில். அதனால் நண்பருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை என்று சண்டை பிடிக்க முன்னம் இரண்டு பேரின் அஞ்சல் குறியீட்டையும் பாருங்கள்.


பெல்ஃபாஸ்ட் மழை
2025 செப்டம்பர் 19

எங்கள் வட அயர்லாந்துப் பக்கம் கவுன்சில் டாக்ஸே இல்லை, வீட்டு மதிப்பை வைத்துப் போடுகிற ரேட்ஸ்தான். உங்களுடையது போலத் தலை எண்ணுகிற கணக்கும் கிடையாது. வீட்டில் ஊனத்துக்காக மாற்றம் செய்திருந்தால் ரேட்ஸில் 25 விழுக்காடு குறைப்பு. உங்கள் இழையைப் படித்துத் தலை சுற்றியதில் எங்கள் மழையே பரவாயில்லை என்று இருக்கிறது.


எரிச்சல்மன்னன்
2025 செப்டம்பர் 21

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இல்லை என்று சொன்ன ஆத்திரத்தில் ஜூலையில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டேன். ரிமைண்டர் வந்தது, குப்பையில் போட்டேன். இப்போது மாதக் கட்டணம் போய் ஆண்டு முழுவதற்கும் ஒரேயடியாகக் கட்டு என்று வந்திருக்கிறது. கூடவே மஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன். வீட்டில் சொல்லவில்லை.


பழைய மேசை
2025 செப்டம்பர் 21

ஐயோ, ஏன் அண்ணை இதை முதல் நாளே சொல்லவில்லை? இன்றைக்கே கவுன்சிலைக் கூப்பிட்டு மாதாமாதம் கட்ட ஒரு ஏற்பாடு கேளுங்கள். கோர்ட் உத்தரவு வந்தபின் பாக்கி வசூலிக்கிற பெய்லிஃப் கைக்குப் போனால் அவர்கள் கூலியும் உங்கள் தலையில்தான். தகப்பனுக்கு மறதி என்று எழுதினீர்கள். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால் கவுன்சில் தன் விருப்பப்படி பாக்கியைக் குறைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, சட்டப்பிரிவு 13ஏ என்று கேளுங்கள். அது தருவார்களா என்பது வேறு, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

மற்றவர்களுக்கும்: தள்ளுபடி தராவிட்டால் கட்டுவதை நிறுத்தாதீர்கள். கட்டிக்கொண்டே சண்டை பிடியுங்கள். முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் முறையீடு. இரண்டு மாதத்துக்குள் சரியான பதில் இல்லை, அல்லது வந்த பதில் பிடிக்கவில்லை என்றால் வேல்யுவேஷன் டிரிபியூனல், இந்த வரித் தகராறுகளைக் கேட்கிற தனி மன்றம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை.

அந்தத் தாளையும் வாங்குங்கள் அண்ணை. ஊருக்கு அதை யாரும் அனுப்பப் போவதில்லை.


முன்னறை
2025 நவம்பர் 29

எல்லோருக்கும் ஒரு தகவல். மூன்று விண்ணப்பமும் ஒரே நாளில் போட்டேன். போன கிழமை கவுன்சிலிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வந்தார். கையில் டேப் கூட இல்லை. நான் அளந்து வைத்திருந்த தாளை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அம்மாவை வீல்செயாரில் வைத்து நடைக்குக் கொண்டுவரச் சொன்னார். மனைவி தள்ளிக்கொண்டு வரும்போது வழக்கம்போல் நிலையில் உரசியது. அவர் குனிந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "சரி, போதும்" என்று கோப்பை மூடினார். அம்மா அவரைத் தபால்காரர் என்று நினைத்துக் கனடாவிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டா. தேநீர் குடிக்காமல் போகக் கூடாது என்று பிடித்து வைத்தா.

பேண்ட் குறைப்பு கிடைத்துவிட்டது. அம்மாவின் டாக்டர் தாளையும் 2022இலிருந்து ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மனைவியைப் பராமரிப்பவராக ஏற்கவில்லை. பராமரிப்பவருக்கு அரசு தருகிற கேரர்ஸ் அலவன்ஸ் கடிதம் கேட்கிறார்கள், அவ அது வாங்குவதில்லை. ஆகவே வீட்டில் இன்னும் இரண்டு பெரியவர்கள், 25 விழுக்காடு இல்லை. அம்மாவின் தாள் தனியே ஒரு பென்ஸும் தராது என்று இப்போதுதான் விளங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் காசு.


பழைய மேசை
2025 நவம்பர் 29

கேரர்ஸ் அலவன்ஸ் வாங்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. வேலைக்குப் போகக் கூடாது என்றும் இல்லை. கேட்க வேண்டியது மூன்றுதான்: ஒரே வீடா, 35 மணி நேரமா, பார்க்கப்படுகிறவருக்கு உரிய அலவன்ஸ் இருக்கிறதா. இதை அப்படியே எழுதுங்கள். கூட ஒரு கிழமையின் கணக்கு வையுங்கள், எத்தனை மணிக்கு எழுப்பினது, எத்தனை மணிக்கு மாற்றினது, இரவு எத்தனை தரம் என்று. அதை மனைவியே தன் கையால் எழுதட்டும். நீங்கள் எழுதினால் பாதியை விட்டுவிடுவீர்கள்.


சேலத்துக்காரன்
2025 டிசம்பர் 8

எனக்கு நிராகரிப்பு வந்துவிட்டது. 'பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் விளையாட இடம் இருக்கும்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை, அவர்களே போட்டுக்கொண்டார்கள். ஓடி-யின் கடிதத்தோடு முறையீடு அனுப்பிவிட்டேன். டிரிபியூனல் வரை போவது என்று வீட்டில் முடிவு.


முன்னறை
2026 ஜனவரி 24

மனைவி எழுதிய கணக்கு கிழமைக்கு 61 மணி நேரம் வந்தது. நான் நாற்பது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளை அனுப்ப முன்னம் இரண்டு தரம் வாசித்தேன். இரவு 2.40, 4.15 என்று எழுதியிருந்த நேரங்களில் நான் நித்திரை.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதுவும் 2022இலிருந்து. இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு வரவு காட்டியிருக்கிறார்கள். அதை வைத்துக் கிழமைக்கு ஒரு இரவு ஆள் போடலாமா என்று பார்க்கிறோம். மேசை அண்ணைக்கும் பொன்னி அக்காவுக்கும் நன்றி. எரிச்சல் அண்ணை, உங்கள் விஷயம் என்ன?


எரிச்சல்மன்னன்
2026 ஜனவரி 24

மாதம் கட்ட ஒத்துக்கொண்டார்கள். தாள் வாங்கியாச்சு. வேறு ஒன்றும் கேட்காதீர்கள்.


பழைய மேசை
2026 ஜனவரி 25

நல்ல செய்தி. முன்னறை தம்பி, பேண்ட் குறைப்புக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் வேண்டும். ஏப்ரலுக்கு முன்னம் படிவம் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் நீங்களே கேளுங்கள். படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கதவு நிலையைப் பூசலாம்.


முன்னறை
2026 ஜனவரி 25

பூசப் போவதில்லை அண்ணை. நாளைக்கே திரும்ப உரசும்.